ஒட்டும் திரவம் விஷமா, சோப்புத் தண்ணீர் மாதிரியா? மஞ்சள் தோட்டத்திலிருந்து வந்த கேள்விக்கு என் பதில்

மொடக்குறிச்சிப் பக்கம் மஞ்சள் போட்டிருக்கும் ஒருவர் கேட்டிருக்கிறார். உரக்கடையில் பூச்சிமருந்தோடு சேர்த்து, மருந்து இலையில் ஒட்டிப் பரவுவதற்காக, சிலிக்கோன் ஒட்டும் திரவம் என்று ஒரு சின்ன பாட்டில் கொடுத்தார்களாம். பூச்சிமருந்து டப்பாவில் இருப்பது போன்ற நிற முக்கோணக் குறி எதுவும் அதில் கிடையாது. நச்சுத்தன்மையற்றது என்று மட்டும் அச்சடித்திருக்கிறது. அப்பா அதை வெறுங்கையால் ஊற்றிக் கலக்குகிறார். போன வாரம் கண்ணில் தெறித்து அன்று முழுக்க எரிச்சல், இன்னும் சிவப்பு போகவில்லை. பக்கத்துத் தென்னந்தோப்பில் வேறொருவர் தேனீப் பெட்டி வைத்திருக்கிறார். "இது விஷமா, இல்லை சோப்புத் தண்ணீர் மாதிரியா?" என்று கேள்வியை முடித்திருக்கிறார். இதற்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. அந்தத் திரவம் தனியாக என்ன செய்யும் என்பது ஒன்று. மருந்தோடு கலந்த பிறகு என்ன செய்யும் என்பது இன்னொன்று. முதலாவதற்கான பதில் கொஞ்சம் ஆறுதலாக இருக்கும், இரண்டாவதற்கானது அப்படி இருக்காது.

நான் வேளாண் வேதியியல் படித்து, பூச்சிமருந்துக் கலவைகளைச் சோதிக்கும் ஆய்வகத்தில் பல வருஷம் வேலை பார்த்தவன். ஈரோடு, கோபி, உடுமலைப் பக்கத் தோட்டங்களில் மருந்து அடிக்கும்போது கூடவே நின்று பார்த்த பழக்கமும் உண்டு. மருத்துவன் இல்லை. அதனால் உடம்பைப் பற்றி நான் சொல்வதை முதலுதவி அளவில் மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அப்பாவின் கண். ஒரு வாரமாகியும் சிவப்பு இருக்கிறது என்றால் வீட்டு வைத்தியம் போதும் என்று விடாதீர்கள். கண் மருத்துவரிடம் காட்டுங்கள். போகும்போது ஒட்டும் திரவத்தின் லேபிளையும், அன்று அதோடு கலந்த மருந்தின் லேபிளையும் செல்போனில் படம் எடுத்துக்கொண்டு போங்கள். எரிச்சலுக்குக் காரணம் இரண்டில் எதுவாகவும் இருக்கலாம், இரண்டும் சேர்ந்ததாகவும் இருக்கலாம். இனிமேல் கண்ணில் பட்டால் அந்த இடத்திலேயே, அந்த நிமிஷமே, நல்ல தண்ணீரில் இமையைத் திறந்து பிடித்துக்கொண்டு குறைந்தது 15 நிமிஷம் கழுவ வேண்டும். இரண்டு கை தண்ணீரை முகத்தில் அடித்துக்கொண்டு அடுத்த டேங்க் கலக்கப் போவது கழுவியதாக ஆகாது. தாய்ப்பால், விளக்கெண்ணெய், பன்னீர் எதுவும் விட வேண்டாம். மருந்து கலக்கும் இடத்தில் ஒரு குடம் சுத்தமான தண்ணீர் இதற்கென்றே தனியாக இருக்கட்டும்.

சரி, அந்தத் திரவம் என்னவென்று பார்ப்போம். மஞ்சள் இலையில் மெழுகுப் பூச்சு உண்டு. சின்ன வெங்காயத் தாள், முட்டைக்கோஸ், வாழை, சேம்பு எல்லாம் அப்படித்தான். தண்ணீர் உருண்டு ஓடிவிடும், மருந்தும் அதோடு போய்விடும். தண்ணீரை உருண்டைத் துளியாக இழுத்துப் பிடித்து வைக்கும் விசைக்கு மேற்பரப்பு இழுவிசை என்று பெயர். தண்ணீருக்கு அது மீட்டருக்கு சுமார் 72 மில்லி நியூட்டன். சாதாரண ஒட்டும் திரவம் அதை 30 அளவுக்கு இறக்கும். சிலிக்கோன் வகை 20, 22 வரை இறக்கிவிடும். அதனால் துளி இலையில் விழுந்ததும் உருளாமல் படலமாகப் பரவுகிறது. இலைத்துளைகள் வழியாக நேராக உள்ளேயும் நுழைகிறது. ஆய்வுக்கூடத்தில் செடிகளுக்குள் மரபணுவைப் புகுத்தும் வேலையில், பாக்டீரியா கலந்த கரைசல் பூவுக்குள் இறங்குவதற்கு இதே வகைத் திரவத்தைத்தான் சில துளி சேர்ப்பார்கள். நுழைய முடியாத இடத்தில் தண்ணீரை நுழைய வைப்பதுதான் இதன் தொழில். கீழே நான் சொல்லப்போகும் ஆபத்துகளில் பெரும்பாலானவை இந்த ஒரு குணத்திலிருந்தே வருகின்றன.

தனியாக எடுத்துக்கொண்டால், சிலிக்கோன் ஒட்டும் திரவங்களில் பரவலாக இருக்கும் டிரைசிலோக்ஸேன் வகைப் பொருளுக்கு வாய்வழி நச்சு குறைவு. பூச்சிமருந்தோடு ஒப்பிட்டால் மிகவும் குறைவு. அந்த வகையில் லேபிள் முழுப் பொய் சொல்லவில்லை. ஆனால் அதே பொருளின் பாதுகாப்புத் தகவல் தாளை எடுத்துப் பார்த்தால் கண்ணுக்குக் கடும் எரிச்சல் தரும், சுவாசித்தால் தீங்கு, நீர்வாழ் உயிர்களுக்கு நீண்டகாலம் நச்சு என்ற எச்சரிக்கைகள் இருக்கும். இவை சந்தேகத்துக்கு இடமில்லாதவை. மூன்றில் சுவாசத்தைத்தான் நம் ஆட்கள் கண்டுகொள்வதே இல்லை. பாட்டிலைத் திறந்து முகர்ந்தால் ஒன்றும் ஆகாது. ஆனால் பவர் ஸ்பிரேயரில் புகை மாதிரிச் சன்னமாக வரும்போது அந்தத் துகள்கள் நுரையீரலின் அடிவரை போகும். நுரையீரலின் நுண்ணறைகள் சுருங்கி ஒட்டிக்கொள்ளாமல் இருப்பதற்கு அங்கே ஒரு மெல்லிய திரவப் படலம் இருக்கிறது. மேற்பரப்பு இழுவிசையை மாற்றும் பொருள்கள் அங்கே போய்ச் சேருவது நல்லதில்லை.

முக்கோணத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும், பலரும் இதில்தான் ஏமாறுகிறார்கள். பூச்சிமருந்து டப்பாவில் இருக்கும் சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை முக்கோணம் 1968 பூச்சிக்கொல்லிச் சட்டத்தின் கீழ் வந்த 1971 விதிகளின்படி போடப்படுவது. எலிக்கு வாய்வழி கொடுத்தால் கிலோ எடைக்கு எத்தனை மில்லிகிராமில் பாதி எலிகள் சாகின்றன, தோல்வழி என்றால் எவ்வளவு என்ற கணக்கு அது. வாய்வழிக் கணக்கில் 50 மில்லிகிராமுக்குள் இருந்தால் சிவப்பு, 5000க்கு மேல் போனால் பச்சை. கண் போகுமா, நுரையீரல் கெடுமா, மீன் சாகுமா என்பதை அந்த நிறம் சொல்வதில்லை. ஒட்டும் திரவம் பூச்சியைக் கொல்லும் மருந்தாக விற்கப்படுவதில்லை. அதனால் பெரும்பாலான பாட்டில்களில் முக்கோணமே இருக்காது. குறி இல்லாததைப் பார்த்துவிட்டு ஆபத்து இல்லை என்று நினைக்க இடமில்லை.

இப்போது இரண்டாவது கேள்வி. டேங்கில் கலந்த பிறகு அப்பாவின் மேல் படுவது ஒட்டும் திரவம் மட்டும் இல்லை, ஒட்டும் திரவத்தால் வேகம் கூடிய பூச்சிமருந்து. வெறும் மருந்துத் தண்ணீர் வேட்டியில் தெறித்தால் கொஞ்ச நேரமாவது துளியாக நிற்கும், உதறிவிடலாம். இது கலந்தது தெறித்தால் அந்தக் கணமே துணியை நனைத்துத் தோலில் ஒட்டிவிடும். மஞ்சள் செடி இடுப்புயரம் வளர்ந்த பிறகு அடிப்பவர் இலைகளுக்கு நடுவில்தான் நடக்கிறார். முன்னால் அடித்துக்கொண்டே முன்னேறினால், அடித்த ஈர இலைகளையே இடித்துக்கொண்டு போகிறார். வேட்டியை மடித்துக் கட்டியிருப்பதால் தொடையும் முழங்காலும் முழுக்க நனைகின்றன. இடுப்பு, தொடை இடுக்குத் தோல் மருந்தை மற்ற இடங்களைவிட அதிகமாக உறிஞ்சும். வாயில் கட்டும் துண்டுக்கும் இதே கதிதான். காய்ந்த துண்டு தூசியைத் தடுக்கும். ஒட்டும் திரவம் கலந்த மருந்தில் நனைந்த துண்டு மருந்தை மூக்குக்கும் வாய்க்கும் பக்கத்திலேயே பிடித்து வைத்துக்கொண்டிருக்கும்.

ஆகவே என் பரிந்துரை எளிமையானது. ஒட்டும் திரவம் சேர்த்த டேங்கை, அதில் இருக்கும் மருந்தின் முக்கோணத்துக்கு ஒரு படி மேலான ஆபத்தாக நினைத்து நடந்துகொள்ளுங்கள். இது எந்த விதியிலும் எழுதியிருப்பது இல்லை, என் சொந்தக் கணிப்பு. முழுக்கைச் சட்டை, அதன் மேல் தண்ணீர் புகாத ஒரு மேலங்கி. காலுக்கு மழைக்கோட்டுப் பேன்ட்டும் கம்பூட்ஸும். பேன்ட் பூட்ஸுக்கு வெளியே தொங்க வேண்டும், உள்ளே செருகினால் வழிந்த மருந்து பூட்ஸுக்குள்ளேயே தேங்கும். கைக்கு முழங்கைப் பக்கம் வரை வரும் நைட்ரைல் ரப்பர் உறை. துணி உறை வேண்டவே வேண்டாம், அது நனைந்தால் வெறுங்கையைவிட மோசம். கண்ணைப் பக்கவாட்டிலும் மூடுகிற கண்ணாடி, மூக்குக்குத் துண்டுக்குப் பதில் முகத்தோடு பொருந்தும் மாஸ்க். மருந்தின் லேபிளில் கரிக்குடுவை வைத்த மாஸ்க் கேட்டிருந்தால் அதைத்தான் போட வேண்டும். நம் ஊர் வெயிலில் இத்தனையும் போட்டுக்கொண்டு நிற்க முடியாது என்பார்கள், உண்மைதான். அதனால்தான் பத்து மணி வெயிலில் அடிக்காமல் வெயில் தாழ்ந்த பிறகு அடிக்கச் சொல்கிறேன். காற்றுக்கு முதுகு காட்டி, முடிந்தவரை பின்னால் நகர்ந்தபடி அல்லது பக்கவாட்டில் அடித்தால் ஈர இலைக்குள் நடக்கும் பாதி வேலை குறையும்.

அளவில் நடக்கும் தப்பு மிக அதிகம். சிலிக்கோன் வகைக்குப் பொதுவாக லிட்டருக்கு கால் மில்லியிலிருந்து அரை மில்லி போதும். 10 லிட்டர் டேங்குக்கு அதிகபட்சம் 5 மில்லி. உங்கள் பாட்டிலில் வேறு அளவு போட்டிருந்தால் அதையே பின்பற்றுங்கள். ஒரு மூடி என்று கணக்கு வைத்து ஊற்றும்போது அது 10 மில்லிகூட ஆகிவிடும், மூடிக்கு மூடி அளவு மாறும். மருந்துக்கடையில் ஊசி இல்லாத 5 மில்லி சிரிஞ்ச் சில ரூபாய்க்குக் கிடைக்கும். அதை இதற்கென்று ஒதுக்கி மேலே பேர் எழுதி, வீட்டுச் சாமானோடு சேராமல் வையுங்கள். அளவு கூடினால் மருந்து நன்றாக ஒட்டும் என்பது தவறான நம்பிக்கை. படலம் மிகவும் மெல்லியதாகி இலை நுனி வழியாக வழிந்து மண்ணில் விழும், அடிப்பவர் மேலும் விழும். தாமிர மருந்து அல்லது கந்தகத்தோடு சேர்ந்தால் இலைக்குள் தேவைக்கு மேல் இறங்கி ஓரம் கருகும். இலைப்புள்ளிக்குக் காப்பர் ஆக்ஸிகுளோரைடு அடிப்பவர்கள் அதோடு சிலிக்கோன் வகையைச் சேர்ப்பதாக இருந்தால், முதலில் நாலு செடியில் அடித்து இரண்டு நாள் பார்த்துவிட்டு முடிவு செய்வது நல்லது.

கலக்கும் வரிசையும் முக்கியம். டேங்கில் முக்கால்வாசி தண்ணீர், அப்புறம் தனி வாளியில் கரைத்த மருந்து, கடைசியில்தான் ஒட்டும் திரவம். முதலிலேயே ஊற்றி அதன் மேல் பைப்பைத் திறந்துவிட்டால் நுரை பொங்கி டேங்க் வாயில் வழியும். அதைக் கையால் வழித்து எறிவதை எத்தனையோ தோட்டங்களில் பார்க்கிறேன். கலக்கக் கையை விடாமல் ஒரு குச்சி வையுங்கள். காலையில் கலந்ததை அடுத்த நாளுக்கு வைக்கவும் கூடாது. டிரைசிலோக்ஸேன் நடுநிலையான தண்ணீரில், அதாவது கார அமில அளவு (pH) 6லிருந்து 8க்குள் இருந்தால்தான் நிலையாக இருக்கும். நம் பக்கம் போர்வெல் தண்ணீர் பலதும் காரமும் உப்பும் நிறைந்தது. அதில் அது உடைந்துபோய் வேலை செய்யாத பொருளாகிவிடும். அப்படி உடைந்ததைப் பார்த்து, அளவு போதவில்லை என்று நினைத்து இன்னும் கொஞ்சம் ஊற்றுகிறவர்களும் உண்டு.

எல்லா ஒட்டும் திரவமும் சிலிக்கோன் இல்லை என்பதையும் மறக்க வேண்டாம். விலை குறைந்த பழைய வகைகளில் நோனைல்ஃபீனால் எத்தாக்ஸிலேட் என்ற பொருள் இருக்கலாம். சுற்றுச்சூழலில் அது சிதைந்து நோனைல்ஃபீனாலாக மாறுகிறது. அது மூலப்பொருளைவிட நச்சு கூடியது, எளிதில் அழியாதது, மீன்களின் உடலில் பெண் ஹார்மோன் போலச் செயல்படுவது. ஐரோப்பிய ஒன்றியம் 2003இலேயே அதைச் சவர்க்காரம், துணி பதப்படுத்தல், பூச்சிமருந்துத் துணைப்பொருள் போன்றவற்றில் கட்டுப்படுத்திவிட்டது. 2021 பிப்ரவரியிலிருந்து, துவைத்துப் பயன்படுத்தும் துணிகளில் எடையில் 0.01 சதவீதத்துக்கு மேல் இது இருந்தால் அங்கே விற்க முடியாது. திருப்பூரில் ஏற்றுமதி செய்பவர்களுக்கு இந்தப் பெயர் நன்றாகத் தெரியும். அவர்கள் பரிசோதனை அறிக்கை வாங்கித் தவிர்க்கும் பொருள், முப்பது நாற்பது கிலோமீட்டர் தள்ளி வயலில் கேள்வி கேட்பாரில்லாமல் தெளிக்கப்படுவது எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. களைக்கொல்லிகளில் சேரும் டாலோ அமீன் இன்னொரு வகை. கிளைபோசேட் என்ற களைக்கொல்லியைக் குடித்தவர்களின் உடல் பாதிப்பில் மருந்தைவிட இந்தத் துணைப்பொருளின் பங்கு பெரிது என்று நச்சியல் வல்லுநர்கள் பலர் கருதுகிறார்கள். 2016இல் ஐரோப்பா கிளைபோசேட் கலவைகளில் அதைத் தடை செய்தது.

இதையெல்லாம் படித்துவிட்டு, சோப்பே போட்டுக்கொள்ளலாமே என்று தோன்றும். வேப்பெண்ணெய்க் கரைசலுக்கு காதி சோப்பு போடுவது நல்ல வழக்கம்தான், ஆனால் உப்புத் தண்ணீரில் சோப்பு கால்சியத்தோடு சேர்ந்து திரிந்து நாசிலை அடைத்துவிடும். வாய்க்கால் தண்ணீரோ மழைத் தண்ணீரோ இருந்தால் தாராளமாகப் போடலாம். ஷாம்பு பாக்கெட், பாத்திரம் கழுவும் திரவம் ஊற்றுவதை நான் ஆதரிக்க மாட்டேன். வாசனைப் பொருள், நிறமி, உப்பு என்று பயிருக்குத் தேவையில்லாதவை அதில் அதிகம், ஒரே அளவில் வேலையும் செய்யாது, இலையும் கருகும்.

தேனீக்கு வருவோம். உறுதியானதையும் இன்னும் விவாதத்தில் இருப்பதையும் இங்கே பிரித்துத்தான் சொல்ல வேண்டும். சிலிக்கோன் ஒட்டும் திரவம் கலந்த துளி நேரடியாகத் தேனீயின் மேல் விழுந்தால் அதன் உடலையும் சுவாசத் துளைகளையும் நனைத்துக் கொல்லக்கூடும், பூச்சிமருந்தே இல்லாவிட்டாலும் கூட. இது உறுதி. 2012இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், குறைந்த அளவில் இதை உட்கொண்ட தேனீக்களுக்கு வாசனையைக் கற்று நினைவில் வைக்கும் திறன் குறைந்தது தெரிந்தது. அது ஆய்வுக்கூட முடிவு. தோட்ட அளவில் ஒரு கூட்டம் முழுவதும் இதனால் மட்டும் அழியுமா என்பது இன்னும் தீர்ந்த கேள்வி இல்லை. கலிஃபோர்னியாவின் பாதாம் தோட்டங்களில் பூக்கும் காலத்தில் தேனீ இறப்பு நேர்ந்தபோது பூஞ்சைக்கொல்லியா, ஒட்டும் திரவமா, இரண்டும் சேர்ந்ததா என்று பிரித்துப் பார்ப்பதே கடினமாக இருந்தது. விவாதம் முடியும் வரை நாம் காத்திருக்கத் தேவையில்லை. தென்னை வருஷம் முழுக்கப் பாளை விடும், தேனீ அங்கிருந்து உங்கள் வரப்பு ஓரத்து ஆமணக்குக்கும் ஈர இலையில் தண்ணீர் குடிக்கவும் வரும். அதனால் மாலை ஐந்து மணிக்கு மேல் அடியுங்கள். முந்தின நாளே பெட்டிக்காரரிடம் சொல்லிவிடுங்கள், அவர் பெட்டியை மூடவோ நகர்த்தவோ முடியும். ஓரத்தில் பூத்திருக்கும் செடிகளின் மேல் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பக்கத்தில் யாராவது பட்டுப்புழு வளர்த்தால், மல்பெரித் தோட்டத்துப் பக்கம் காற்று அடிக்கும்போது டேங்கைத் தூக்கவே வேண்டாம்.

டேங்க் கழுவுவதை கிணற்று மேட்டிலோ வாய்க்கால் படியிலோ மாடு குடிக்கும் தொட்டிக்குப் பக்கத்திலோ செய்யாதீர்கள். இந்த வகைப் பொருள்கள் மீனின் செவுளைக் கெடுக்கும், தவளைக் குஞ்சுகளுக்கும் ஆகாது. கீழ்பவானி வாய்க்காலோ காலிங்கராயனோ பாயும் ஊரில் ஒருவர் கழுவுவது கீழே இருக்கும் பத்துப் பேர் வயலுக்கும் போகும். கழுவிய தண்ணீரை அடித்த வயலுக்குள்ளேயே ஊற்றிவிடலாம். மோட்டார் ரூம் தரையில் பாட்டில் கொட்டினால் தண்ணீர் விட்டுக் கழுவினால் போதும் என்று நினைக்க வேண்டாம், தரை பயங்கரமாக வழுக்கும். மண்ணோ மரத்தூளோ தூவி உறிஞ்சவிட்டு அள்ளியெடுத்த பிறகுதான் கழுவ வேண்டும். காலி பாட்டிலை மூன்று முறை அலசி, அலசிய தண்ணீரை டேங்கிலேயே ஊற்றி, பாட்டிலை ஓட்டை போட்டுவிடுங்கள். குவார்ட்டர் பாட்டிலில் கொஞ்சம் ஊற்றித் தருவது, பக்கத்துத் தோட்டத்துக்காரர் கேட்டால் தண்ணீர் பாட்டிலில் பிரித்துக் கொடுப்பது இரண்டும் அடியோடு நிற்க வேண்டும். பார்க்க இருமல் மருந்து மாதிரியே இருக்கும், குழந்தைகள் எடுத்துவிடும்.

யாராவது குடித்துவிட்டால் உப்புக் கரைசலோ சோப்புத் தண்ணீரோ கொடுத்து வாந்தி எடுக்க வைக்கவே கூடாது. இது நுரைக்கும் பொருள். வாந்தியோடு மேலே வரும் நுரை மூச்சுக்குழலுக்குள் போனால் நுரையீரல் புண்ணாகும், குடித்ததைவிட அது பெரிய ஆபத்து. வாயைக் கொப்பளிக்க வைத்து, இடது பக்கமாகப் படுக்க வைத்து 108க்கு அழையுங்கள். டெல்லி எய்ம்ஸில் இருக்கும் தேசிய நச்சுத் தகவல் மையத்தின் கட்டணமில்லா எண் 1800 116 117. மருந்து அடித்த நாளில் அப்பாவுக்கு மிதமிஞ்சிய வியர்வை, எச்சில் ஊறல், கண்மணி சுருங்குவது, தசைத் துடிப்பு, மூச்சிரைப்பு இதில் எது வந்தாலும் அதை ஒட்டும் திரவத்தின் வேலை என்று நினைத்து வீட்டில் வைத்துக்கொண்டிருக்காதீர்கள். அது பூச்சிமருந்து உடம்பில் ஏறியதன் அறிகுறி, உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போக வேண்டும்.

அடுத்த முறை கடைக்குப் போகும்போது இரண்டு விஷயம் கேளுங்கள். திரவத்தில் இருக்கும் பொருளின் பெயர் என்ன, அதன் பாதுகாப்புத் தகவல் தாள் இருக்கிறதா. தாள் இல்லை என்றால் நிறுவனத்திடம் வாங்கி வாட்ஸாப்பில் அனுப்பச் சொல்லுங்கள். பெயரே போடாத பாட்டிலை இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டாம் என்று திருப்பிக் கொடுத்துவிடுங்கள். அந்தப் பாட்டிலின் லேபிள் படத்தை நீங்கள் இங்கே போட்டால், அதில் என்ன வகை இருக்கிறது, அன்று அடித்த மருந்தோடு அதைச் சேர்க்கலாமா என்பதை என்னால் இன்னும் குறிப்பாகச் சொல்ல முடியும். அப்பாவை மட்டும் நாளைக்கே கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போய்விடுங்கள்.